பேசிக்கொண்டே ஓடுங்கள்!

பெர்லினில் வசிக்கும் ஒரு தம்பதி ஏப்ரல் மாத அரை மாரத்தானுக்குச் சேர்ந்தே பதிவு செய்திருக்கிறார்கள். கேள்விகளை மட்டும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாவதால் இனி ரகசியம் இல்லை!

கணவர்: நான் ஒரு கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடுகிறேன். மனைவிக்கு ஏழு நிமிடம் ஆகிறது. சேர்ந்து பயிற்சி செய்தால் என் வேகம் கெட்டுவிடாதா?

கெடாது, கூடும். 21 கிலோமீட்டர் தாங்குகிற உடம்பை உருவாக்குவது நிதானமான நீண்ட ஓட்டம்தான். இதயம் பலப்படுவதும், தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகுவதும் அதில்தான் நடக்கின்றன. தேர்ந்த ஓட்டக்காரர்களே வாரத்தில் பெரும்பகுதி தூரத்தை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகத்தைக் காட்டிவிட்டு, வேகமாக ஓட வேண்டிய நாளில் கால் கனத்து நிற்கிறோம். ஞாயிறு நீண்ட ஓட்டம் மனைவியின் வேகத்தில் இருக்கட்டும். புதன்கிழமை தனியாகப் போய் உங்கள் வேகத்தைத் தீட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சம்பளம் வாங்காத பயிற்சியாளர் வீட்டிலேயே கிடைத்திருக்கிறார்.

மனைவி: அவர் பேசிக்கொண்டே ஓடுகிறார். எனக்கு மூச்சு வாங்குகிறது. 'ம்' கொட்டுவதோடு சரி. நான் லாயக்கில்லையோ?

அம்மா, குறை உங்களிடம் இல்லை, வேகத்தில் இருக்கிறது. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே நீண்ட ஓட்டத்துக்குச் சரியான வேகம். எனவே இனி பேச வேண்டியவர் நீங்கள், 'ம்' கொட்ட வேண்டியவர் அவர். கல்யாணமான நாள் முதல் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்ல இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கூட ஓடுகிறவர் அரை அடி முன்னால் போனாலே நம் கால் தன்னையறியாமல் அவரை எட்டிப்பிடிக்கப் பார்க்கும். அவரைத் தோளுக்குத் தோளாக, முடிந்தால் அரை அடி பின்னால் வரச் சொல்லுங்கள்.

கணவர்: ஜனவரியில் இருட்டு, பனி. எங்கே ஓடுவது?

டெம்பல்ஹோஃப் இருக்கக் கவலை ஏன்? 2008-இல் மூடிய விமான நிலையம் 2010-இல் பூங்காவாகத் திறந்துவிட்டது. ஒரு சுற்று ஏறக்குறைய 6 கிலோமீட்டர், பழைய ஓடுபாதையோ சமதளம். வேகம் வேறானாலும் ஒருவரையொருவர் தொலைக்க முடியாத இடம். மறைப்பில்லாத வெளி என்பதால் காற்று மட்டும் முகத்தில் அறையும். மாலையில் கதவை அடைத்துவிடுவார்கள், பகலில் போங்கள். தரை உறைந்து வழுக்குகிற நாளில் வீட்டிலேயே இருங்கள். ஒரு நாள் ஓடாததை மறுநாள் சரிசெய்யலாம், முறிந்த மணிக்கட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முழு 21-ஐயும் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. 16 முதல் 18 வரை போனால் போதும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறையுங்கள்.

மனைவி: ஓட்டத்துக்கு முந்தைய நாள் என்ன சமைக்கட்டும்?

முதலில், ஏன் நீங்களே சமைக்க வேண்டும்? ஓடப்போவது இரண்டு பேர்! சோறு, இட்லி இரண்டுமே நல்லது. காரமும் எண்ணெயும் குறையட்டும், சுண்டலும் கீரையும் ஓட்டம் முடிந்த பிறகு. காலையில் பயிற்சி நாட்களில் சாப்பிட்டதையே சாப்பிடுங்கள். அன்றைக்குப் புது உணவும் வேண்டாம், புது ஷூவும் வேண்டாம்.

கணவர்: விளையாட்டில் சாதித்த தம்பதி யாராவது உண்டா?

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக்கும் டானாவும். இருவரும் பிறந்தது ஒரே நாள், 19 செப்டம்பர் 1922. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 24 ஜூலை 1952 அன்று எமில் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கினார், அதே நாளில் அவர் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார். மூன்று நாள் கழித்து எமில் தன் வாழ்நாளின் முதல் மாரத்தானை ஓடி அதையும் வென்றார். எனக்குப் பிடித்த ஜோடி இவர்கள்.

மனைவி: 15-ஆவது கிலோமீட்டரில் நான் தளர்ந்தால் அவரைப் போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா?

முன்கூட்டியே, சமையலறையில் நின்று பேசி முடித்துவிடுங்கள். களைத்த உடம்பு அந்த நேரத்தில் நியாயமாக யோசிக்காது, "நீங்க போங்க" என்று வாய் சொல்லும், மனசு வேறு கேட்கும். முதல் ஓட்டம் என்பதால் அவர் கூடவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தனியாகப் போராடுவதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். சேர்ந்து ஓடுவதாக முடிவானால், புறப்படும்போது அவர் பின்னால் உள்ள உங்கள் பிரிவுக்கு வரட்டும். நீங்கள் முன்னால் போய் நின்றால் கூட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கணவருக்கும் ஒரு வார்த்தை: 15-ஆவது கிலோமீட்டரில் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிவிடாதீர்கள், ஆறு கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. அடுத்த தண்ணீர் மேஜை வரை என்று மட்டும் சொல்லுங்கள், அங்கே போனதும் அதற்கடுத்த மேஜை. பிராண்டன்பர்க் வாயில் கண்ணில் பட்டதும் இருப்பதையெல்லாம் கொட்டி ஓடிவிடவும் வேண்டாம். முடிவுக்கோடு வாயிலைத் தாண்டித்தான் இருக்கிறது.