ஒருவேளைக்காரர்

மே மாதத்தில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் டீக்கடைகளிலும் சிதம்பரம் மேல வீதியிலும் இவரைத் தவறாமல் பார்க்கலாம். ஐபிஎல் ஆட்டம் ஓடுகிற டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். செல்போனில் புள்ளிப்பட்டியல் திறந்திருக்கும். "இன்னாப்பா, நாளைக்கு டெல்லி தோத்து, ஞாயித்துக்கெழம மும்பையும் தோத்துட்டா, நம்மளும் பெங்களூரும் நேருக்கு நேர்தான்!" என்பார். மும்பை ஏன் தோற்க வேண்டும் என்று கேட்டால், அது மும்பையின் கடமை என்பதுபோல் பார்ப்பார். பெண்ணும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பே பந்திக்கு இலை எண்ணுகிற ஆசாமி. ஊருக்கு ஒருவர் உண்டு. கடலூர்க்காரர் சென்னைக் கட்சி; மாவட்டத் தலைநகரில் இருப்பதால் ஆணை பிறப்பிக்கிற தொனி. சிதம்பரத்துக்காரரின் மகன் பெங்களூரில் வேலை பார்ப்பதால் அவர் பெங்களூர்க் கட்சி. பல்கலைக்கழக ஊர் என்பதால் எதையும் மூன்று கோட்பாடுகளாகப் பிரித்துத்தான் பேசுவார். இருவரையும் வேலையற்றவர்கள் என்று ஊர் சிரிக்கிறது. ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்க்கிற மற்றவர்களைவிட விளையாட்டை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்கள்தான் என்பது என் கட்சி.

நடந்த ஆட்டங்களையே சாட்சிக்கு அழைக்கலாம். 2011 மே 28, சேப்பாக்கம், ஐபிஎல் இறுதிப் போட்டி, சென்னையும் பெங்களூரும். ஒருவேளைக்காரரின் கனவு அப்படியே நனவான நாள். சென்னை 205 அடித்தது. முரளி விஜய் மட்டும் 95. அந்தப் பருவத்தின் அசுரன் கிறிஸ் கெயில், அஸ்வினின் முதல் ஓவரிலேயே பூஜ்யத்தில் வெளியேறினார். மீதி ஆட்டத்தைச் சம்பிரதாயத்துக்காக ஆடி, பெங்களூர் 58 ரன்னில் தோற்றது. மாதக்கணக்கில் வளர்ந்த எதிர்பார்ப்பு ஒரே ஓவரில் தீர்ந்துபோனது. இதோடு 2018-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். மார்ச் 17 அன்று கால்பந்து ஐஎஸ்எல் இறுதியில் சென்னையின் எஃப்சி, பெங்களூரை அதன் சொந்த மண்ணான கண்டீரவா அரங்கத்திலேயே 3-2 என்று வீழ்த்தியது. சில வாரங்களில் ஐபிஎல். இரண்டாண்டுத் தடை முடிந்து சென்னை திரும்பிய ஆண்டு. ஒரே ஆண்டில், இரண்டு விளையாட்டின் இறுதியில், அதே இரண்டு ஊர்! மே 19 அன்று ராஜஸ்தானிடம் பெங்களூர் தோற்று வெளியேறும்வரை அந்த வாய்ப்பு உயிரோடு இருந்தது. நடக்காமலே போன அந்த ஆட்டம் இன்றுவரை மவுசு குறையாமல் இருக்கிறது. கோலி சதம் அடிப்பதும் தோனி முடித்துவைப்பதும் அவரவர் விருப்பப்படி.

கபடியிலும் இதே கதைதான். தமிழ் தலைவாஸ் முதன்முறையாகப் பிளேஆஃப் கண்டது 2022 பருவத்தில். எலிமினேட்டரில் உ.பி. யோத்தாஸுடன் 36-36 என்று சமன்; டைபிரேக்கரில் 6-4 என்று பிழைத்தது. பெங்களூர் புல்ஸும் அரையிறுதிக்கு வந்துவிட்டது. டிசம்பர் 15 இரவு இரண்டும் ஜெயித்தால் இறுதியில் சந்திப்பு. புல்ஸ் ஜெய்ப்பூரிடம் 49-29 என்று அடி வாங்கியது. தலைவாஸ் புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. எலிமினேட்டர் நடந்த 13-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் இடைப்பட்ட பொழுதுதான் ஒருவேளைக்காரரின் பொங்கலும் தீபாவளியும்.

"அப்படியானால் ஐபிஎல் 2024?" என்று யாரேனும் மடக்கலாம். நியாயமான கேள்வி. மே 18, சின்னசாமி அரங்கம், சந்திப்பு நடந்தது, நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஆனால் எதைப் பார்த்தது? பெங்களூர் எடுத்தது 218. ஜெயிக்கச் சென்னைக்கு 219 வேண்டும். அந்த எண்ணைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. 201 எடுத்தால் தோற்றாலும் உள்ளே போகலாம் என்பதால் அரங்கமே 201-ஐத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. கடைசி ஓவரில் அதற்கு 17 தேவை. தோனி முதல் பந்தை 110 மீட்டருக்கு அனுப்பினார், அடுத்த பந்தில் அவுட்டானார். 191-இல் கதை முடிந்தது. இரண்டு அணிக்கும் 14 புள்ளி, ரன்ரேட் 0.459-க்கு 0.392. அன்று ஆடியவர்கள் வீரர்கள் என்றாலும் ஆட்டத்தை நடத்தியது ஒருவேளைக்காரரின் வகுத்தல் கணக்கு. ஆல் அவுட் ஆனால் இருபது ஓவரையும் முழுதாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது வரை அவருக்கு அத்துப்படி. (வீட்டுக் கரண்ட் பில்லில் இலவச யூனிட் போக மீதி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் மனைவியைக் கூப்பிடுவார்.)

இது சூதாட்டத்தின் தம்பிதானே என்கிறார்கள் சிலர். சூதாடிக்கு முடிவு தெரிந்தாக வேண்டும். இவருக்கோ முடிவு தெரிந்தால் பிழைப்புப் போய்விடும். கட்டுகிற பணமெல்லாம் டீக்காசு, அதுவும் பெரும்பாலும் அடுத்தவருடையது. இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: சொந்த ஊரை விட்டுவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏன் இந்தக் கடலூர், சிதம்பரத்து ஆட்கள் அடித்துக்கொள்ள வேண்டும்? வேறு வழி? 2016-இல் டிஎன்பிஎல் தொடங்கியபோது காரைக்குடிக்குக் காளை கிடைத்தது, திண்டுக்கல்லுக்கு டிராகன் கிடைத்தது. கடலூர் மாவட்டத்துக்கு ஒரு கன்றுக்குட்டிகூடக் கொடுக்கவில்லை. மாநகராட்சி ஆன பிறகும் இல்லை. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு ஊர்கள் தங்கள் பகையைத் தீர்த்துக்கொள்ள வெளியூர் அணிகளை வாடகைக்கு எடுத்திருக்கின்றன, அவ்வளவே. அணியும் மைதானமும் முதலாளிகளிடம் இருக்கும்போது, 'ஒருவேளை' மட்டும்தான் எல்லாருக்கும் இலவசம்.

அமெரிக்காவில் இவருடைய இனத்துக்கு வாழ்வு வளமாக இருக்கிறது. அங்கே கூடைப்பந்து, பனி ஹாக்கி இரண்டின் பிளேஆஃபும் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரே காலத்தில் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பதினாறு அணிகள், ஏழு ஆட்டத் தொடர்கள். ஒரே இரண்டு ஊர் இரண்டிலும் மோதுமா என்று வாரக்கணக்கில் பேசலாம். நம்மவருக்கு ஐபிஎல்லில் வாய்த்தது நான்கு அணி, நான்கு ஆட்டம், மூச்சுவிடுவதற்குள் முடிந்துவிடும்.

சென்னை அதற்கும் முன்பே முடித்துக்கொண்ட ஆண்டு 2025. ஏப்ரல் 30 அன்றே வெளியே, கடைசியில் பத்தாவது இடம். கடலூர்க்காரருக்கு இனி வேலையில்லை என்று ஊரே நினைத்தது. ஜூன் 3 அன்று பெங்களூர் முதல் கோப்பையைத் தூக்கியது. மறுநாள் சிதம்பரத்துக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தபோது கடலூர்க்காரர் செல்போனை எடுத்தார். மே 25 அன்று குஜராத்தை 83 ரன்னில் சாய்த்தது யார்? சென்னை. அன்று குஜராத் ஜெயித்திருந்தால் 20 புள்ளி, முதலிடம். 19-இல் நின்ற இரண்டு பேரில் ரன்ரேட்டில் பஞ்சாப் முன்னே. பெங்களூர் மூன்றாமிடம், எலிமினேட்டர், ஒரு தோல்வி என்றால் ரயிலேற வேண்டியதுதான். "ஆக, கப்பு யார் போட்ட பிச்சைண்ணே?" கணக்கில் ஒரு பிழையும் இல்லை. சிதம்பரத்துக்காரர் மூன்று கோட்பாடுகளையும் யோசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு டீ சொன்னார்.