நிலம் உங்களுடையது, பிளாட் போட முடியாது

கேள்வி: அமெரிக்காவில் சொந்த நிலத்தை விற்காமலே காலத்துக்கும் காப்பாற்றிவிடுகிறார்களாமே, எப்படி?

பதில்: வீடு கட்டும், மனை பிரிக்கும் உரிமையை மட்டும் நில அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நிலம் அவர்களுடையதுதான், மாடு மேய்க்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். ஆனால் பத்திரத்தில் ஏறிய நிபந்தனை, அடுத்து வாங்குபவரையும் விடாது. தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் சலுகை உண்டு (புண்ணியத்துக்கு ரசீது!). அறக்கட்டளை ஆள் வருஷாவருஷம் வந்து ஓடை, வேலி, புதிதாய் முளைத்த கொட்டகை எல்லாம் பார்த்துப் படமெடுத்துப் போவார். இப்படிப்பட்ட அறக்கட்டளைகளுக்கெல்லாம் மூத்தது, 1891-ல் நிலவெளி வடிவமைப்பாளர் சார்லஸ் எலியட் முயற்சியால் மாசசூசெட்ஸில் பிறந்தது. நூலகம் புத்தகத்தைக் காப்பதுபோல அழகான நிலத்தையும் காக்கவேண்டும் என்பது அவர் வாதம். பாவம், மாமனார் நிலத்தில் லேஅவுட் போடக் காத்திருக்கும் மருமகன்தான்!