விரட்டும் தேனீக்கு நோயா?

கேள்வி: வெருகல் காட்டில் தேன் எடுக்கப் போனால் விரட்டுகிற தேனீக்குத் தலையில் ஏதும் நோயா?
– வாசகர், வெருகல்

பதில்: கூட்டைக் கலைத்தவரை விரட்டுவது நோயில்லை ஐயா, கடமை! ஆனாலும் கேள்வி நியாயமானது. குளவியை எதிர்த்துப் பாயும் தேனீக்களின் மூளையில் ஜப்பானியர் ஒரு வைரஸைக் கண்டு, 2004இல் 'காகுகோ' என்று பெயரிட்டார்கள். அதன் நெருங்கிய உறவுதான் வாரோவா உண்ணி பரப்பும் சிறகுச் சிதைவு வைரஸ். பெயர்தான் சிறகு, கடுகளவு மூளையில் நினைவு பதியும் இடத்திலும் அது குடியேறும். சிறகு நேராக இருந்தாலும் படித்த பூவாசனை மறந்துபோகும். எனக்கு அந்தத் தேனீயை நினைத்தால்தான் கவலை. 1991-92இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக்களை வாரிக்கொண்டுபோன தாய்லாந்து சாக்புரூட் வைரஸோ இன்னும் கொடியது: புழுப் பருவத்திலேயே கொன்றுவிடும், மறப்பதற்கு எதையும் கற்கவே விடாது.