ஏ3 உறையும் கடைசிப் பக்கமும்: குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு கள ஆய்வு

வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைகள் தாங்கள் வரைந்ததையெல்லாம் ஓர் உறையில் அடுக்கி, விளம்பரக் கம்பனிகளுக்குக் கொண்டுபோய்க் காட்டும் சடங்குக்கு ‘போர்ட்ஃபோலியோ’ என்று பேர். இத்துறை அறிஞர்கள் எவரும் கற்பிட்டிப் பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகள்: ஒன்று. அது என் அக்கா மகன்.

முதலில் உறை. ஏ3 தாள் 297க்கு 420 மில்லிமீற்றர். 1922இல் ஜெர்மனியில் இந்தத் தாள் வரிசையை வகுத்த வால்ட்டர் போர்ஸ்ட்மன், ஏ0 தாளுக்கு ஒரு சதுர மீற்றர் பரப்பு வைத்து, அதை மூன்று தரம் பாதியாக்கினால் ஏ3 வரும்படி அழகாகக் கணக்குப் பண்ணினார். கற்பிட்டிக் காற்றை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மே மாதம் தொட்டு இங்கே வீசுகிற தென்மேல் காற்றுக்காகவே வெள்ளைக்காரர் விமானமேறி வந்து, இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிறார்கள். எட்டில் ஒரு சதுர மீற்றர் அட்டையை அதே காற்றில் தூக்கிப் பிடித்தால் அது பாய். மருமகன் பஸ்ஸுக்கு நின்றது ஓரிடம், ஏறியது வேறிடம்.

அடுத்தது அடுக்கும் முறை. “நல்லதை மேலால வை மகன், மீன் கூறு போடுற மாதிரி” என்பது அக்காவின் கோட்பாடு. களப்பு இறாலும் கடல் மீனும் விற்ற அனுபவத்தில் பிறந்தது என்பதால் இதை இலேசில் தள்ள முடியாது. அவனும் அப்படியே செய்தான். முதல் பக்கத்தில் உலகப் புகழ்பெற்ற கோப்பிக்கடை ஒன்றுக்குப் புதுச் சின்னம். அந்தக் கடை கேட்கவில்லை. புத்தளத்தில் அதற்குக் கிளையும் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பளவு எழுத்தில் ‘தெரிந்த மொழிகள்: தமிழ், சிங்களம், ஆங்கிலம்’.

இங்கே லியொனார்டோ டா வின்சியை இழுக்காமல் முடியாது. 1482 வாக்கில் மிலானின் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய வேலைக் கடிதத்தில், பாலம் போடுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையைத் தகர்ப்பேன் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். எசமானுக்கு வேண்டியது முன்னால், தனக்குப் பிடித்தது பின்னால். மருமகன் இதைத் தலைகீழாகப் பண்ணிவிட்டான்.

இனி நேர்காணல். முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பில் பாமினி எழுத்துருவைச் சேர்த்து அனுப்ப மறந்திருந்தான். பாமினி இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்பது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று தெரியும். கம்பனிக்காரர் அதைப் புதுமையான அச்சுக்கலை என்று நினைத்துப் பாராட்டினாராம். மருமகன் மறுக்கவில்லை. ஆய்வு நெறிப்படி இதைப் பதிவு செய்கிறேன். மாமன் என்ற முறையில் வெட்கப்படுகிறேன்.

இருபத்துநான்கு பக்கமும் நாலு நிமிடத்தில் புரண்டன. பக்கத்துக்குப் பத்து விநாடி. அதிலும் பாதியைக் கைப்பேசி தின்றது. கோப்பிக்கடை போனது, எட்டு நாள் கண் விழித்து வரைந்த திமிங்கலம் போனது. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

“மல்லி, உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?”

“ஓம் சேர்.”

அவர் சுவரைக் காட்டினார். மறுநாள் அச்சுக்குப் போகவிருந்த பால்மா விளம்பரம். சிரிக்கிற குழந்தை, கையில் கண்ணாடிக் குவளை, மேலே கொட்டை எழுத்தில் ‘தூய பசும்பல்’. ‘பா’வுக்கு அரவு விழுந்துபோயிருந்தது. குழந்தையும் எல்லாப் பல்லும் தெரியத்தான் சிரித்தது.

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பிறகும் பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கைக்கு மேல் ‘தாய்’ ‘நாய்’ ஆகி, அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிய நாடு இது. இந்தப் பின்னணியில் பசும்பல் சின்ன விஷயம்.

ஒப்பீட்டுக்கு ஒரு தரவு: இந்திய ரூபாயின் குறியை வரைந்த உதயகுமாரும் அப்போது மாணவர்தான். மும்பை ஐஐடியில் தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்தில் அவருடையதை 2010 ஜூலை 15 அன்று இந்திய அமைச்சரவை ஏற்றது. அந்தக் குறியில் இருப்பது தேவநாகரி ‘ர’வும் உரோமன் ‘ஆர்’ எழுத்தும். தமிழை ஆராய்ந்தவருக்கே அதுதான் நிலைமை.

மருமகனுக்கு வேலை கிடைத்தது. மாத முடிவில் அக்கா தொலைபேசியில் கேட்டாள்: “என்ன மகன் வரைஞ்சாய்?”

“ஒரு அரவு உம்மா.”

“ஒண்டுதானா?”

“இந்த மாசத்துக்கு ஒண்டுதான்.”