செத்தது வண்டி, சாகாதது ஆர்.சி. புக்

முப்பது வயது ஜீப் ஒன்றை வைத்திருப்பவர் இந்த நாட்டில் ஒரே நேரத்தில் மூன்று சட்டங்களுக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறார். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அது கட்டணம் கறக்கத் தோதான கிழட்டு வண்டி. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பிரீமியம் வாங்கும் நாளில் வண்டி, கிளைம் கேட்கும் நாளில் பழைய இரும்பு. இன்னும் இருபது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தாலோ அதே ஜீப் 'விண்டேஜ்'. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகள் ஆன வண்டிக்குத் தனி நம்பர் பிளேட், அதன் நடுவில் 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்து, 2022 விதிப்படி மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதித் தள்ளுபடி. ஐம்பதில் பாரம்பரியம், முப்பதில் குப்பை. இடைப்பட்ட காலத்தில் எவனும் வந்து மோதாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

வாங்குகிற கை எப்படி நீள்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 7,897 ரூபாய். மஹிந்திரா எம்.எம். 540-இன் டீசல் இன்ஜின் 2112 சி.சி. ஆகவே மணிக்கு அறுபதைத் தொட்டாலே டாஷ்போர்டு சாமியாடும் அந்த ஜீப்புக்கும், போன வாரம் மாலை மரியாதையோடு ஷோரூமிலிருந்து இறங்கிய முப்பது லட்ச ரூபாய் எஸ்.யு.வி.க்கும் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய ஒரே தொகை. பணம் வாங்குகிற கவுன்டரில் யாரும் வண்டிக்கு என்ன வயது என்று கேட்பதில்லை. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. அதற்கு மேல் பசுமை வரி வேறு. பழைய வண்டி புகை கக்குகிறதாம். பணம் கட்டி ரசீது வாங்கியவுடன் புகை நின்றுவிடும் போலிருக்கிறது.

இவ்வளவு கறாராகப் பேசும் அரசாங்கத்தின் சொந்த ஜீப்புகள் எங்கே இருக்கின்றன? எந்த ஊர்த் தாலுகா ஆபீஸுக்கும் போய்ப் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். நான்கு டயரும் மண்ணில் அமிழ்ந்து, பானெட்டைத் துளைத்துக்கொண்டு ஆளுயர வேப்பமரம் நிற்கும். ஸ்டியரிங்கில் கரையான் புற்று. கதவில் 'அ' என்ற எழுத்து மட்டும் கம்பீரமாக மிச்சமிருக்கும். கழிப்பதற்குக் கோப்பு போயிருக்கிறது, கையெழுத்தாகி வரவில்லை என்பார்கள். அந்தக் கோப்பை அனுப்பிய அதிகாரி ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்திருப்பார். பதினைந்து வருஷம் ஆன அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று சட்டம் வந்த பிறகும் மரத்தின் வளர்ச்சியில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இனி விபத்துக்கு வருவோம்.

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏற போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகள். விடியலுக்கு முன்பே ஜீப்புகள் வரிசை கட்டி ஏறும். அப்படி ஒரு பாதையில் முப்பது வயது ஜீப் ஒன்று வளைவில் தடுப்புச்சுவரைப் பெயர்த்துக்கொண்டு இருபதடி சரிந்து ஒரு பலாமரத்தில் சாய்ந்து நின்றுவிட்டது என்று வையுங்கள். டிரைவர் காலில் கட்டோடு பிழைத்துவிட்டார். மரத்துக்குப் புண்ணியம்.

அதை மேலே தூக்க வேண்டும். கிரேன்காரர் சொல்லும் தொகையைக் கேட்டால் டிரைவருக்கு இன்னொரு காலும் முறியும். பாலிசியில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது: விபத்தான தனியார் காரை அருகிலுள்ள பட்டறைக்கு இழுத்துச் செல்ல அதிகபட்சம் 1,500 ரூபாய். இது 2002-இல் நடப்புக்கு வந்த மோட்டார் டாரிஃபில் எழுதிய தொகை. இன்று அந்தப் பணத்துக்குக் கிரேன் டிரைவர் வண்டியைவிட்டு இறங்கி, பள்ளத்தை எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன் வாசல். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று தரும்வரை வண்டி அங்கேதான் நிற்கும். மலையிலிருந்து விழுந்தபோது பிழைத்த பேட்டரி, காவல் நிலையத்தில் நிற்கும்போது காணாமல் போகும். அதன் பின்னாலேயே ஸ்டெப்னி, ஜாக்கி. இருபத்து நாலு மணி நேரமும் போலீஸ்காரர்கள் இருக்கும் இடத்தில் ஒரு திருட்டு நடக்கிறது; அதற்குப் புகார் எங்கே கொடுப்பது? அதே ஸ்டேஷனில்தான். எழுத்தர் பேனாவைத் தேடுவார்.

பிறகு சர்வேயர் வருவார். தனிப்பட்ட முறையில் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உரிமம் பெற்றவர், வெயிலில் அலைகிறவர், கம்பெனி கொடுக்கிற கூலிக்கு வேலை பார்க்கிறவர். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுப்பார், சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்ப்பார், டீ வேண்டாம் என்பார். கிளம்பும்போது தோளில் கை வைத்து, "அண்ணே, இது டோட்டல் லாஸ்ணே" என்பார். துக்க வீட்டில் பேசுகிற அதே குரல்.

பக்கத்தில் நிற்கும் டிங்கருக்கு இது விளங்காது. அவர் ஏற்கெனவே ஜீப்பை இரண்டு சுற்று சுற்றி வந்துவிட்டார். "சேஸிஸ் வளையலையே. மட்கார்டையும் கண்ணாடி ஃபிரேமையும் கழட்டித் தட்டிட்டா, முன் ஆக்சிலை லேத்துக்கு அனுப்பிட்டா, ரேடியேட்டர் பழசு ஒண்ணு போட்டா ஓடும்" என்பார். அவர் சொல்வதுதான் சரி. போல்ட்டைக் கழற்றினால் பாடி தனி, சேஸிஸ் தனி என்று பிரித்து, சுத்தியலும் ஸ்பானரும் வைத்திருப்பவன் எங்கும் சரிசெய்யலாம் என்பதற்காகவே போர்க்களத்துக்கென்று செய்த வண்டி அது. வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா இங்கே பூட்டிக் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, எத்தனையோ தடவை விழுந்து எழுந்த சாதி. அப்படியானால் இதைக் கொன்றது எது? பள்ளம் அல்ல, கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு ஐ.டி.வி. என்று ஒரு மதிப்பு போடுவார்கள். விபத்தில் முழுசாகப் போனால் தருவதாகச் சொல்லும் தொகை அது. பழைய டாரிஃபில் இதற்கு அட்டவணை இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, இரண்டு வருஷம் வரை 20, ஐந்து வருஷம் வரை 50. அதோடு அட்டவணை முடிந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல்? கம்பெனியும் வாடிக்கையாளரும் 'பரஸ்பர சம்மதத்தின்' பேரில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நாகரிகமான சொல்! ஆட்டுக்கும் கசாப்புக்காரருக்கும் இடையே எட்டப்படும் சம்மதம்கூட இவ்வளவு இணக்கமாக இருக்காது. பல கம்பெனிகள் பழைய வண்டி என்றவுடனே 'தேர்ட் பார்ட்டி மட்டும்தான் சார்' என்று கதவைச் சாத்திவிடும். திறக்கிற கம்பெனியில் கம்ப்யூட்டர் ஒரு தொகையைத் துப்பும். ஏஜென்ட், "ஐ.டி.வி. குறைஞ்சா பிரீமியமும் குறையும்ல" என்று நம் பையைப் பற்றிக் கவலைப்படுவார். நாமும் அந்த நாலு காசு மிச்சத்தில் குளிர்ந்து தலையாட்டுவோம். சம்மதம் முடிந்தது.

அந்த மதிப்பு ஒரு லட்சம் என்று வையுங்கள். விதி என்ன சொல்கிறது? மீட்கவும் பழுது பார்க்கவும் ஆகும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி செத்ததாகப் பொருள். 75,000 ரூபாயில் இன்று பட்டறையில் என்ன செய்ய முடியும்? எஸ்டிமேட் எண்பதாயிரத்தைத் தொட்டவுடன் சங்கு ஊதிவிடலாம். ஊரில் கேட்டால் அதே ஜீப்புக்கு மூன்று லட்சம் கொடுத்து வாங்க ஆள் நிற்கிறார். அந்தச் சந்தை விலையைக் கணக்கில் எடுத்திருந்தால் எண்பதாயிரம் வெறும் ரிப்பேர். மதிப்பைக் கீழே இறக்கி வைத்துவிட்டால் சாவு எவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகிறது பாருங்கள். சரி, 75-க்கு உள்ளே நின்று ரிப்பேர் என்றே முடிவானாலும் சொர்க்கம் இல்லை. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதிதான். அந்தப் பேட்டரிதான் ஸ்டேஷனிலேயே போய்விட்டதே.

ஒரு லட்சமாவது முழுசாக வருமா? கட்டாயக் கழிவு 2,000 போகும். வண்டியை நீங்களே வைத்துக்கொள்வதாக இருந்தால் 'சால்வேஜ்' மதிப்பு என்று அறுபதாயிரம் கழிப்பார்கள். கையில் 38,000. நேற்றுவரை குப்பை என்று சொன்ன இரும்புக்கு, கழிக்கிற நேரத்தில் மட்டும் அறுபதாயிரம் மதிப்பு எங்கிருந்து முளைத்தது? இந்தக் கேள்வியை நீங்கள் கவுன்டரில் கேட்டால், 'சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது' என்பார்கள். சிஸ்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் நேரில் போய்க் கேட்கலாம்.

இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னால் சால்வேஜ் வாங்குகிறவர் வருவார். அவர் இரண்டு விலை சொல்வார்: ஆர்.சி. இல்லாமல் ஒரு விலை, ஆர்.சி.யோடு அதைவிட நல்ல விலை. அதே நசுங்கிய தகரம், அதே எடை. ஒரு புத்தகத்தைச் சேர்த்துக் கொடுத்தால் மட்டும் ஏன் விலை ஏறுகிறது?

திருமூலர் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதை நமக்குத் தெரியும். மேய்ப்பவன் மூலன் இறந்து கிடக்க, மாடுகள் கதறுவதைப் பொறுக்காமல் அவன் உடலுக்குள் புகுந்தார். நம் காலத்துச் சித்தர்களுக்கு அவ்வளவு தவம் தேவையில்லை. ஒரு பஞ்சிங் செட்டும் உப்புத்தாளும் போதும். எங்கோ ஒரு ஊரில் ஒருவர் வாசலில் நிறுத்திய அதே மாடல், அதே நிற வண்டி இரவோடு இரவாகக் காணாமல் போகும். அதன் சேஸிஸ் நம்பரைத் தேய்த்து அழித்துவிட்டு, செத்த வண்டியின் நம்பரை அடிப்பார்கள். பலாமரத்தில் சாய்ந்து செத்த ஜீப், எஃப்.சி. வாங்கி, பூ வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி மறுபடி ரோட்டுக்கு வரும். வடக்கே மீரட்டின் சோத்திகஞ்சில் திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்க ஒரு சந்தையே பல வருஷம் ஊரறிய நடந்து, 2021 டிசம்பரில்தான் இழுத்து மூடினார்கள். அதுவரை அரசாங்கம் அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு, அழிந்துபோன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் தகவல் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிவிக்க வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கும் சந்தையில் ஒரு விலை இருக்கிறது.

இதுவரை தகரத்தைப் பற்றிப் பேசினேன். வண்டிக்குள் இருந்தவர்களைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வராது.

விடியலுக்கு முன் ஏறும் அந்த ஜீப்புகளில் பல, வெள்ளை போர்டு. தனியார் பதிவு. உள்ளே தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள், ஒருவர் மடியில் ஒருவராக. அவர்கள் கூலியில் ஒரு பங்கு ஜீப் வாடகைக்கே போகும். இது தோட்டத்துக்காரருக்குத் தெரியும், இரண்டு மாநிலச் செக்போஸ்டுக்கும் தெரியும், பாலிசி போட்ட ஏஜென்டுக்கும் தெரியும். யாருக்கும் ஆட்சேபம் இல்லை, வண்டி உருளும் நாள்வரை. உருண்ட அன்று கம்பெனிக்குத் திடீரென்று ஞானம் பிறக்கும்: தனியார் வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றியது பாலிசி நிபந்தனை மீறல், கிளைம் இல்லை. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால், தனியார் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர் 'மூன்றாம் நபர்' கணக்கில் வரமாட்டார் என்று நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. ரோட்டோரம் நின்று அதே ஜீப்பில் அடிபட்டிருந்தால் நஷ்டஈடு உண்டு. உள்ளே உட்கார்ந்திருந்த பாவத்துக்கு இல்லை. அன்று மாலை மந்திரி ஆஸ்பத்திரிக்கு வருவார், கேமராவுக்கு முகம் காட்டி நிதி அறிவிப்பார், இரண்டு வாரம் சோதனை தீவிரமாக நடக்கும். மூன்றாவது வாரம் அதே வளைவில் அதே எண்ணிக்கையில் ஜீப் ஏறும். ஏனென்றால் அந்நேரத்துக்கு அந்தத் தோட்டத்து வாசலுக்குப் போகிற பஸ்ஸை யாரும் விடவில்லை. ஜீப்புக்காவது ஐ.டி.வி. என்று ஒன்று போட்டார்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னது. ஐந்தாவது வருஷத்தோடு நின்றுபோன அந்த அட்டவணையைத் தொடர்ந்து எழுதுங்கள். பழைய வண்டிக்குச் சந்தை விலையை யாராவது ஒரு மதிப்பீட்டாளர் பார்த்துச் சொல்லட்டும். டோட்டல் லாஸ் என்று பணம் கொடுத்த வண்டியின் ஆர்.சி.யைக் கம்பெனியே ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பி ரத்து செய்யட்டும். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் வேலை.

அவர்கள் செய்யும்வரை, பழைய ஜீப் வைத்திருக்கிறவர்கள் அடுத்த புதுப்பித்தலின்போது ஏஜென்ட் சொல்லும் ஐ.டி.வி.க்குத் தலையாட்டாதீர்கள். வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து, இந்த மதிப்புதான் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். டோட்டல் லாஸ் என்றால் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் சரியில்லை என்றால் சென்னை தேனாம்பேட்டையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சால்வேஜ்காரர் எவ்வளவு கூடுதலாகத் தந்தாலும் ஆர்.சி. புக்கை அவர் கையில் கொடுக்காதீர்கள். அதை ஆர்.டி.ஓ.விடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.