புல்லுக்கும் ஒரு மனு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கிறது? பட்டாவில் பெயர்ப் பிழை, ரேஷன் கார்டில் வயதுப் பிழை என்று வருகிறவர்களுக்கு மனு எழுதியே எங்களையெல்லாம் படிக்க வைத்தீர்கள். வேங்கிக்காலை விட்டு இங்கே அமெரிக்காவுக்கு வந்திருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான். இந்த ஊரில் ஆளாளுக்கு மனு எழுதுகிறார்கள்.

நம் பக்கம் வாசலில் புல் வளர்ந்தால் மாடு வரும். இங்கே கடிதம் வரும். குடியிருப்போர் சங்கத்திலிருந்து எங்களுக்கும் வந்தது. முதல் பாராவில், நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்ததில் அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இருந்தது. அடுத்ததில் ரோஜாச் செடிக்குப் பாராட்டு. அதுவரை படித்த உங்கள் மருமகள், ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்றாள். மூன்றாவது பாராவில்தான் புல் ஆறு அங்குலத்தைத் தாண்டிய குற்றமும் அபராதமும்!

என்னோடு போளூர்ப் பையன் ஒருவன் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நமக்கேது குடும்பப் பெயர்? விசா கொடுத்தவர்கள் அவனுடைய ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயருக்கு 'எஃப்.என்.யூ' என்று போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஆபீசில் வரிசையாக வந்து, "ஃப்னூவா, ஃபெனுவா? உன் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது பார்" என்று கேட்டார்கள். இல்லாத பெயரைச் சரியாகச் சொல்ல அத்தனை அக்கறை! அவனும் மனமிளகி 'ஃபெனு' என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். இப்போது யாராவது ஃப்னூ என்றால் பக்கத்து சீட்டுக்காரி திருத்துகிறாள்.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையை மெச்சத்தான் வேண்டும். கடத்தி அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்த்தப்பின் கதையை 1853இல் எழுதியபோது, அவர் பெயரைத் தப்பாக அச்சிட்டிருந்தது. அந்தக் கதை சினிமாவாகி ஆஸ்கார் வாங்கியதும், 2014 மார்ச்சில் திருத்தம் போட்டது. 161 வருஷம்! அதே பத்திரிகை 1898இல் 14,499ஆம் இதழுக்கு மறுநாள் 15,000 என்று எண் போட்டுவிட்டு, 2000 ஜனவரி 1 அன்று ஐந்நூறைக் கழித்துக்கொண்டது. பட்டாவுக்கு நாலு வருஷமாக நடக்கிறேன் என்று அழுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அதிகாரிகள் காதில் விழுந்தால் வினை.

ஆனால் மைலையும் அங்குலத்தையும் மட்டும் திருத்த மாட்டார்கள். 1975இல் மெட்ரிக் சட்டம் வந்தது. விருப்பமுள்ளவர்கள் மாறலாம் என்றார்கள், யாருக்கும் விருப்பமில்லை. 1999இல் செவ்வாய்க்குப் போன விண்கலமே இந்த அளவைக் குழப்பத்தில் தொலைந்தது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்றால் முழிக்கிறார்கள், ஒன்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு என்றால்தான் "வெறுங்காலோடா?" என்று வாயைப் பிளக்கிறார்கள்.

ஒரு காரியம். ஃபெனு இனிஷியலை விரித்து அரசிதழில் பெயரை மாற்றப் போகிறான். அவன் அப்பா போளூரிலிருந்து உங்களைத் தேடி வருவார். விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். பையன் டாலரில் சம்பாதிக்கிறான். கூலியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்