பொக்கற்றுக்குள் அடங்காத கமரா

விடுமுறைக்கு உடுவிலுக்கு வரும் வெளிநாட்டு மருமகன்மார் சிலரின் கையில் இப்போது ரிக்கோ ஜி.ஆர். 3. 2019இல் வந்த கமரா. பற்றரியோடு 257 கிராம். அதை வாங்குமுன் நடந்த விசாரணை பெண் பார்த்தபோதும் நடந்ததில்லை. “பொக்கற்றுக்குள்ள எந்நேரமும் கிடக்கும்” என்பதே முடிந்த முடிவு. ஊருக்கு வந்து சாரம் கட்டியதும் பொக்கற்றுக்கு எங்கே போவது?

அடுத்தது பயிற்சி. 28 மில்லிமீற்றர் அகலக் கோணம் என்பதால் ஆளுக்குக் கிட்டப் போகவேண்டும். குவியத்தை ஒன்றரை மீற்றரில் நிறுத்திவிட்டால் கமரா தேடிக்கொண்டு நிற்காது, அமுக்கியவுடன் படம். ஆளுக்குத் தெரியவே தெரியாதாம்.

மருதனார்மடம் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்கும் ஆச்சியிடம் ஒன்றரை மீற்றருக்குள் போய்ப் பாருங்கள். “தம்பி ஆற்றை மோன்?” தகப்பன், பேரன், காணி எல்லை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஆச்சி தலையைத் தடவி, சீலையை இழுத்துவிட்டு, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல விறைத்துவிடுவார். இயல்பான படம் எடுக்கும் கலை அத்தோடு சரி.

கடைசியில் ஆச்சி தீர்ப்புச் சொல்வார்: “போனிலை எடுத்திருந்தால் மோளுக்கு இப்பவே வைபரிலை போயிருக்குமெல்லோ!”